மொச்சைக்குப் பூசின மஞ்சள்

தெய்வாத்தாளுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். மற்ற நேரத்தில் பேச்சுக்கு ஒரு ‘ங்க’ போடுகிறவள், கோபம் ஏறிவிட்டால் சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போடுவாள். ஈரோட்டில் அவள் குடியிருந்த லைன் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும். குழாயடியில் அவள் குரல் நிதானமாக, ‘ங்க’ மேல் ‘ங்க’வாக வருகிறது என்றால் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நகர்ந்துவிடுவார்கள்.

இந்தக் கோபம் பிறவியிலேயே வந்தது. அரச்சலூருக்குப் பக்கத்தில் அவள் கல்யாணம் நடந்தபோது, மாப்பிள்ளைக்குப் பெரியப்பன் முறையாகிற ஒருவர் பந்தியில் உட்கார்ந்து, “ரசமா இது, கழனித்தண்ணியா?” என்று இலையைத் தள்ளினார். அவளுடைய அப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மணையில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கி, “ஏனுங்க பெரியவரே, கழனித்தண்ணி மாட்டுக்குத்தானுங்க வெப்பாங்க. உங்க எலைக்கு எப்படிங்க வந்துதுங்க?” என்று கேட்டுவிட்டாள். பந்தல் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை அங்கப்பன் மட்டும் கடகடவென்று சிரித்தான். அன்றைக்குச் சிரித்தவன்தான். அதற்கப்புறம் அவள் எதற்குக் கொதித்தாலும், “உடு தெய்வா” என்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடும். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

மழை பொய்த்து, விளைந்த கொஞ்சமும் விலை போகாமல், மேட்டூரில் அணை கட்டி முடிகிற சமயத்தில் இருவரும் பூமியை விட்டுவிட்டு ஈரோட்டுக்கு வந்தார்கள். ஒரே மகளைத் தாராபுரத்துப் பக்கம் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அங்கப்பன் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினான். தெய்வாத்தாள் சுந்தரராஜுலுவின் மஞ்சள் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

வண்டி வண்டியாக வந்து இறங்கும் மஞ்சளைக் களத்தில் கொட்டி, விரலி வேறு குண்டு வேறாகப் பிரித்து, வேரும் கல்லும் பொறுக்கி, முறத்தில் புடைத்துச் சாக்கில் அள்ளுவதுதான் பெண்களின் வேலை. புடைக்கப் புடைக்கத் தூசு எழும்பும். தலைக்குத் துண்டு கட்டியிருந்தாலும் மயிர்க்காலெல்லாம் மஞ்சள். மூக்கைச் சிந்தினால் மஞ்சள், எச்சில் துப்பினால் மஞ்சள். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் மேலுக்கு ஊற்றிக்கொண்டால் வாய்க்காலில் மஞ்சளாகத் தண்ணீர் ஓடும். வேலைக்குச் சேர்ந்த மறு வருஷத்திலிருந்து அவளுக்கு வறட்டு இருமல் ஒன்று கூடவே இருந்தது. மண்டியில் இருமாத பெண்ணே கிடையாது என்பதால் அதை யாரும் நோயாக நினைக்கவில்லை.

நாய் வந்தது அப்போதுதான். சென்னிமலைப் பக்கத்திலிருந்து வந்த மஞ்சள் வண்டியின் அடியிலேயே ஓடிவந்த ஒரு பொடி நாய், வண்டி திரும்பிப் போனபோது மண்டி வாசலிலேயே நின்றுவிட்டது. பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வெள்ளை உடம்பில் மொச்சைக்கொட்டை போல் ஒரு பழுப்பு மச்சம். வண்டிக்காரன் அடுத்த சந்தைக்கு வந்தபோது தெய்வாத்தாள் அவனை நிறுத்தி, “ஏனுங்க, உங்க நாயிங்களா இது? உட்டுப்போட்டுப் போறதுக்கு மனசு எப்படிங்க வந்துதுங்க?” என்று கேட்டாள். அவன், “என்ற நாயே இல்லீங்க, அதுவா தொத்திக்கிட்டு வந்துது” என்று மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் நாயை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து மொச்சை என்று பேர் வைத்தாள். மண்டியில் கிழிந்து எறிந்த ஒரு சாக்கை மடித்துப் போட்டுக் கதவோரம் படுக்க இடம் கொடுத்தாள்.

ஐப்பசி மழை ஓய்ந்தபோது மொச்சை சொறிய ஆரம்பித்தது.

முதலில் காதோரம். அப்புறம் முழங்கை, வயிறு. பின்னங்காலைத் தூக்கிச் சொறியும்போது கால் பலகைக் கதவில் இடிக்கும். இந்த ‘டொக் டொக்’ சத்தம் கேட்காத நேரமே இல்லை என்றாயிற்று. சோற்றை வைத்தால் இரண்டு வாய் தின்னும், நிறுத்திவிட்டுச் சொறியும். மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, தோல் தடித்து, பொருக்குத் தட்டியது. அவள் குப்பைமேனித் தழையை உப்போடு அரைத்துப் பூசினாள். நாலு நாள் நன்றாக இருந்தது, பிறகு வந்துவிட்டது. புகையிலையை ஊற வைத்த தண்ணீரில் குளிப்பாட்டினாள். அதுவும் அப்படியே. வேப்பெண்ணெய் தடவியபோது குறைந்தது மாதிரி காட்டிவிட்டு, எண்ணெய் காய்ந்ததும் முன்னைவிட மோசமாக வந்தது.

“எந்தக் கருமாந்திரம்டா இது, போனது திரும்பத் திரும்ப வருது!” என்று அவள் நோயையே திட்டினாள்.

“உடு தெய்வா. நாய்னா சொறியத்தான் செய்யும்” என்றான் அங்கப்பன்.

“உங்களுக்கு வந்தா உடுவீங்களாங்க?”

அவன் தன் இடுப்பைச் சொறிந்துகொண்டான்.

பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். மொச்சையோடு புரண்டு விளையாடுகிறவர்கள். அவர்களும் சொறிய ஆரம்பித்தார்கள். குழந்தையம்மாள் வாசலில் நின்று, “இந்தச் சொறிநாயை ஆத்துக்கு அக்கட்டாலே கொண்டுபோய் உட்டுப்போட்டு வா தெய்வா. என்ற பசங்க மேலெல்லாம் பொரிப் பொரியாக் கெளம்பியிருக்குது” என்றாள்.

“பசங்களைக் குளிக்க ஊத்துங்க அக்கா, சரியாப் போகும். என்ற நாய்மேல பழி போடாதீங்க.”

அந்தப் பேச்சு அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் மண்டியிலிருந்து திரும்பியபோது மொச்சை வாசலில் இல்லை. அடுப்புக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. மண்ணெண்ணெய் நாற்றம். வெந்த தோல் காதோரம் உரிந்து தொங்கியது. தொடப் போனபோது நடுங்கிக்கொண்டே அவள் கையை நக்கியது.

தெய்வாத்தாள் குழந்தையம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“மண்ணெண்ணெய் நீங்கதானுங்களா ஊத்துனீங்க?”

“ஆமா, நாந்தான். சொறிக்கு மண்ணெண்ணெய் ஊத்துனா நிக்கும்னு சொன்னாங்க. நல்லதுக்குத்தான் ஊத்துனேன். நீ பாத்துக்கல, நான் பாத்தேன்.”

“நல்லதுக்குங்களா? உங்க பசங்களுக்கும் சொறிதானுங்களே. அவங்களுக்கு ஏனுங்க ஊத்தலீங்க?”

தெருவே கூடிவிட்டது. இரண்டு பேரும் நிறுத்தவில்லை. அங்கப்பன் வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரை சண்டை நடந்தது. அன்றையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வெந்த தோலுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் அவளுக்கு மஞ்சள் ஞாபகம் வந்தது. நாள் முழுக்க மஞ்சளில் புரளுகிறவளுக்கு அது இவ்வளவு நாள் தோன்றாமல் போனதே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. மண்டியிலிருந்து எடுத்து வரும் எண்ணம் அவளுக்கு இல்லை. எடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. தலைத்துண்டையும் சேலைத் தலைப்பையும் முறத்தின் மேல் உதறினால் ஒரு கைப்பிடி விழுந்தது. அதை வேப்பெண்ணெயில் குழைத்து மொச்சை உடம்பு முழுக்கப் பூசினாள். எரிச்சல் அடங்கியதோ என்னவோ, நாய் அன்றைக்குக் கொஞ்சம் தூங்கியது. அதனால் தினமும் பூசினாள். வெள்ளை நாய் மஞ்சள் நாயாக ஆனது. தெருப் பிள்ளைகள் “மஞ்ச நாயி, மஞ்ச நாயி” என்று கைகொட்டினார்கள்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள், கதவைச் சரியாகச் சாத்தாமல் அவள் வந்துவிட்டதால், மொச்சை பின்னாலேயே மண்டிக்கு வந்து சேர்ந்தது. களத்தின் நடுவில் வந்து நின்று, பின்னங்காலைத் தூக்கி, தன் பாட்டுக்குச் சொறிந்துகொண்டிருந்தது.

கணக்குப்பிள்ளை திருமலைசாமி மேஜையிலிருந்து எழுந்து வந்தார். மண்டியில் ஒரு துரும்பு அசைந்தாலும் தனக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

“ஆரூட்டு நாய் இது?”

“என்றதுங்க” என்றாள் தெய்வாத்தாள். “இப்பவே தொரத்தீர்றேனுங்க.”

“நில்லு. மேலு முழுக்க மஞ்சளைப் பூசி வெச்சிருக்கறே. நாயைக் குளிப்பாட்டற அளவுக்கு உனக்கு மஞ்சள் எங்கிருந்து வருது?”

முறங்கள் நின்றன. ஏதோ வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று முதலில் அவள் நினைத்தாள். அவர் முகத்தில் வேடிக்கை இல்லை.

“சீலையை ஒதறுனா விழுவுதுங்க. அதைத்தானுங்க பூசுறேன்.”

“சீலையை ஒதறுனா நாய்க்குப் பூசற அளவுக்கு விழுமா? ஆருகிட்டக் கதை உடறே? மடியை அவுத்துக் காட்டு.”

தெய்வாத்தாள் அசையவில்லை. திருமலைசாமி பக்கத்தில் நின்ற பழனாத்தாளைப் பார்த்து, “நீ பாரு” என்றார். பழனாத்தாள், தெய்வாத்தாளோடு ஒரே களத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள், தலையைக் குனிந்துகொண்டே வந்து அவள் இடுப்பு மடியைத் தடவிப் பார்த்தாள். மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மடியில் வெற்றிலையும் ஒரு துண்டு கருப்பட்டியும் தவிர ஒன்றும் இல்லை.

“ஒண்ணுமில்லீங்க” என்றாள் பழனாத்தாள்.

“இன்னைக்கு இல்லை. நேத்து இருந்திருக்கும்” என்றார் திருமலைசாமி.

அதற்குள் சத்தம் கேட்டு முதலாளி சுந்தரராஜுலு முன்னறையிலிருந்து வந்துவிட்டார். “ஏமய்யா கலாட்டா?” என்று தெலுங்கில் கேட்டபடியே மஞ்சள் நாயைப் பார்த்தார்.

தெய்வாத்தாளுக்குக் காதெல்லாம் கொதித்தது. களத்தின் மூலையில் மடித்து வைத்திருந்த ஒரு தார்ப்பாயை இழுத்து வந்து முதலாளியின் காலடியில் விரித்தாள். தலைத்துண்டை அவிழ்த்து அதன் மேல் உதறினாள். தலைப்பை உதறினாள். கொசுவத்தைப் பிடித்து உதறினாள். தலைமயிரை அவிழ்த்துவிட்டு விரலால் கோதி உதறினாள். தார்ப்பாயில் பொன்னிறமாகப் பொடி விழுந்துகொண்டே இருந்தது. பிறகு திரும்பி, “நீங்களும் வாங்க, ஒதறுங்க!” என்று மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டு அவர்கள் ஒவ்வொருவராக வந்து துண்டை உதறினார்கள். ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது.

“பாத்துக்க” என்றாள் அவள். யாரைச் சொன்னாள் என்று யாருக்கும் புரியவில்லை, ஏனென்றால் ஒரு ‘ங்க’ கூட இல்லை. “இதுதான் நான் திருடுனது. இத்தனை பேரும் தெனமும் திருடறது இதுதான். மூக்குல திருடறோம், நெஞ்சுல திருடறோம். இருமிக் காட்டுறேன், அதையும் எடை போட்டு எடுத்துக்க.”

இப்போது முதலாளி தலை குனிவார், கணக்குப்பிள்ளையை நாலு வார்த்தை கேட்பார் என்று அவள் காத்திருந்தாள்.

சுந்தரராஜுலு குனிந்தார். குனிந்து, குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

“இத்தனை சரக்கா தினமும் ஊட்டுக்குப் போகுது?” என்றார். “திருமலைசாமி, நாளையிலிருந்து தார்ப்பாயை வாசல்ல விரிச்சுப் போடு. சாயங்காலம் போறவங்க எல்லாரும் உதறிட்டுத்தான் போகணும்.”

அவ்வளவுதான். முன்னறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் தார்ப்பாய் விரிந்திருந்தது. திருமலைசாமி அதன் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் ஒவ்வொருவராக அதன் மேல் ஏறி, வண்டிக்காரர்கள் பார்க்க, சேலையைத் தூக்கி உதறினார்கள். “கொசுவத்துல இன்னும் இருக்குது பாரு, நல்லா ஒதறு” என்றார் அவர். ஒரு வண்டிக்காரன் சீட்டியடித்தான். வயசான ஒருத்தி அழுதுகொண்டே இறங்கினாள். இறங்கிய ஒவ்வொருத்தியும் தெய்வாத்தாளை முறைத்துவிட்டுப் போனாள். பழனாத்தாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: “உன்ற நாய்க்கு அரிச்சதுக்கு நாங்க தெருவுல சீலையை ஒதற வேண்டியிருக்குது. நேத்து உன்னை ஆரு தார்ப்பாயை விரிக்கச் சொன்னது?”

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. தன்னைத் திருடி என்று சொன்னவரை விட்டுவிட்டு, தன் மேல் கோபப்படுகிறார்களே என்று ஆத்திரம் வந்தது. அவள் முறை வந்தது. தார்ப்பாயை மிதிக்காமல் ஒதுங்கி வாசலைத் தாண்டினாள்.

“ஏ, நில்லு! ஒதறிட்டுப் போ.”

“மாட்டேனுங்க.”

“ஒதறாட்டி நாளைக்கு வராதே.”

“வரலீங்க” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து அங்கப்பனிடம் சொன்னாள். அவன் ‘உடு’ என்று சொல்வான், அதற்குச் சரியாகக் கொடுக்க வேண்டும் என்று நாக்கின் நுனியில் பதிலோடு நின்றாள். அவன் “மடியைத் தடவிப் பாத்தாங்களா?” என்று மட்டும் கேட்டான். அவள் ஆமாம் என்றதும் எழுந்து துண்டைத் தோளில் போட்டான். கையைப் பிடித்து அவனை உட்கார வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த மனிதனுக்கும் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தபோது மொச்சையை நன்றாகப் பார்க்க நேரம் கிடைத்தது. பகல் வெளிச்சத்தில் மஞ்சளைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். உள்ளே தோல் யானைத்தோல் மாதிரி தடித்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் நோயின் மேல் நிறம் பூசிக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. நாயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள்.

அங்கே மாடுகளோடு நின்ற குடியானவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். “நாய்க்கு வைத்தியம் பாக்க வந்திருக்குதுடா அம்மிணி!” அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

டாக்டர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். மெலிந்த, சிடுசிடுப்பான மனிதர். நாயின் காதைத் திருப்பிப் பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

“ஆராக்கும் இதுக்கு மண்ணெண்ணெய் ஊத்தினது?” என்று கத்தினார். “இதென்ன விளக்குத் திரியா? ஜீவன் இருக்கற பிராணிதானே? ஊத்தினவனைக் கூட்டிக்கொண்டு வா, அவன் தலையில் நான் ஊத்தறேன்!”

மாட்டுக்காரர்கள் ஒதுங்கினார்கள். தெய்வாத்தாள் அவரைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை மாதத்தில் அந்த நாய்க்காகத் தன்னைத் தவிர இன்னொருவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவளுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மஞ்சள் பூசினா நாய் மஞ்சளாகும். சொறி போகாது” என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. “கண்ணுக்குத் தெரியாத பூச்சியாக்கும் இது. தோலுக்குள்ளே குழி தோண்டிக் குடியிருக்கும். மயிரைக் கத்திரிச்சுவிட்டு, சீயக்காய் போட்டுப் பொருக்கெல்லாம் கழுவு. நல்லா உலர்ந்த பிறகு கந்தகப் பொடியைப் புங்கெண்ணெயிலே குழைச்சுத் தேய். நின்னுபோச்சேன்னு நிறுத்திடாதே. முட்டை உள்ளே இருக்கும், பொரிச்சு வரும். விட்டு விட்டுத் தேய்ச்சுக்கொண்டே இருக்கணும். எங்கே படுக்குது?”

“சாக்குலீங்க.”

“ஆரம்பத்திலிருந்து அதே சாக்கா?”

“ஆமாங்க.”

“அதுதான் திரும்பத் திரும்ப வருது. நீ நாய்க்கு மருந்து போடறே, சாக்குக்கு ஆரு போடறது? எரிச்சுப்போடு.” பிறகு அவள் கையைப் பார்த்தார். “மணிக்கட்டைக் காட்டு. இது என்ன?”

“மஞ்சள் தூசுல வர்ற அரிப்புங்க. மண்டியில அல்லாருக்கும் இருக்குதுங்க.”

“தூசும் இல்லை, மண்ணும் இல்லை. நாய்கிட்டேயிருந்து வந்ததாக்கும். ஊட்டிலே மத்தவங்களுக்கும் இருக்கும். துணியெல்லாம் கொதிக்க வை. நாய் குணமானா உங்களுக்கும் தானே போகும்.”

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் அங்கப்பன் இடுப்பைச் சொறிந்துகொண்டதை நினைத்தாள். குழந்தையம்மாளின் பிள்ளைகளை நினைத்தாள். ‘பசங்களைக் குளிக்க ஊத்துங்க’ என்று தான் சொன்னது நினைவுக்கு வந்து நெஞ்சில் குத்தியது. குத்தக் குத்த நடை வேகமானது. வந்ததும் முதல் வேலையாகச் சாக்கைப் பொடக்காலியில் போட்டுக் கொளுத்தினாள். அது எரிந்து சாம்பலாகும்வரை ஒரு குச்சியால் குத்திக்கொண்டே நின்றாள்.

பிறகு பெரிய செம்பு அண்டாவில் தண்ணீரை ஏற்றி, விறகைத் திணித்து, குழந்தையம்மாள் வீட்டு வாசலுக்குப் போனாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று குழந்தையம்மாள் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள்.

“உங்கூட்டுத் துணியெல்லாம் கொண்டாங்க.”

“எதுக்கு?”

“பசங்களுக்கு அரிப்பு என்ற நாயாலதான் வந்துதாம். டாக்டரு சொல்லிப்போட்டாரு. துணியை வேவிக்கோணும். பாய் போர்வை ஒண்ணு உடாம எடுங்க, தண்ணி கொதிக்குது.”

குழந்தையம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். “அப்ப நான் அன்னைக்கே சொன்னது...”

“சொன்னது செரிங்க. அதுக்குத்தான் வந்திருக்கறேன்.”

“மண்ணெண்ணெய் ஊத்துனது தப்புத்தான் தெய்வா. ஆத்தரத்துல...”

“அதைப் பேசாதீங்க. அது வேற. அதை நான் மறக்க மாட்டேன். துணியைக் கொண்டாங்க.”

குழந்தையம்மாள் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் அண்டாவின் இரண்டு பக்கமும் நின்று கோலால் துணியைப் புரட்டினார்கள். பேச்சு திரும்ப வர மாதக்கணக்கானது. வந்த பிறகும் மண்ணெண்ணெய் என்ற சொல் வந்தால் இருவரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

கந்தகமும் புங்கெண்ணெயும் சேர்ந்த நாற்றத்தில் வீட்டில் சோறு இறங்கவில்லை. மொச்சை முதலில் ஓடி ஒளிந்தது. பிறகு தானாகவே வந்து முதுகைக் காட்டியது. அரிப்பு நின்றுபோன பிறகும், டாக்டர் சொன்னது மாதிரி, அவள் பூசுவதை நிறுத்தவில்லை. தை பிறந்தபோது தோலின் மேல் பூனைமயிர் போல் மெல்லிசாக மயிர் முளைத்தது. மண்ணெண்ணெய் பட்ட காதோரத்தில் மட்டும் முளைக்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பொரியும், அங்கப்பனின் இடுப்பு அரிப்பும், அவள் மணிக்கட்டும் தானே அடங்கின. இருமல் அடங்கவில்லை. அது நாயிடமிருந்து வந்ததல்ல.

மாசியில் ஒரு நாள் பழனாத்தாள் வந்தாள். வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று தயங்கினாள். தெய்வாத்தாள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பழனாத்தாள் தானே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

மாசிக் காற்று எழும்பியதும், பெண்கள் சாயங்காலம் தார்ப்பாயில் முன்னறைப் பக்கமாக நின்று உதற ஆரம்பித்தார்களாம். யார் முதலில் செய்தது என்று தெரியவில்லை. தூசு முழுக்கக் காற்றோடு போய், வெளியூர் வியாபாரிகள் மெத்தையில் உட்கார்ந்து விலை பேசுகிற முன்னறைக்குள் இறங்கியது. பட்டணத்திலிருந்து வந்தவர்களின் சலவை வேட்டி, புருவம், மீசை எல்லாம் மஞ்சள். தும்மித் தும்மி விலையே பேச முடியவில்லை. திருமலைசாமி ஓடி வந்து கத்தியபோது, “நீங்கதானுங்களே நல்லா ஒதறச் சொன்னீங்க” என்று எல்லோரும் சேர்ந்து சுருக்குப்பையைக்கூட உதறினார்களாம். மறுநாளே தார்ப்பாய் சுருட்டப்பட்டது.

பழனாத்தாள் சிரித்தாள். தெய்வாத்தாள் சிரிக்கவில்லை.

“நான் இருக்கறப்ப உங்களுக்கு இந்தப் புத்தி எங்கீங்க போச்சுங்க?” என்றாள்.

பழனாத்தாள் தலையைக் குனிந்தாள். “உன்ற மடியைத் தொட்ட கை இது தெய்வா. மறக்க முடியல” என்று மெதுவாகச் சொன்னாள். தெய்வாத்தாள் எழுந்து போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கோபம் போகவில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

புது மஞ்சள் வரத்து மலையாகக் குவிந்தது. கை தேர்ந்தவர்கள் போதாமல் போனதும் ஒரு காலையில் திருமலைசாமியே லைன் வீடுகளுக்கு வந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “முதலாளி உன்னை வரச் சொன்னாரு. தார்ப்பாயெல்லாம் இல்லை இப்ப. பழசை மனசுல வெச்சுக்காதே” என்றார்.

“வாரேனுங்க” என்றாள் தெய்வாத்தாள். “களத்துல அல்லாரும் இருக்கறப்ப, தெய்வாத்தாள் திருடி இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணுங்க. அன்னைக்குச் சொன்ன அதே எடத்துல நின்னு சொல்லோணுங்க.”

“அதெப்படிம்மா? நாலு பேர் முன்னால நான் எப்படிச் சொல்றது?”

“நாலு பேர் முன்னாலதானுங்களே என்ற மடியைத் தடவச் சொன்னீங்க?”

அவர் குடையைக் கக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மொச்சை உள்ளேயிருந்து ஓடி வந்தது. வெள்ளை மயிர் அடர்ந்து, பழுப்பு மச்சம் பளிச்சென்று தெரிய, நேராக அவர் காலடிக்குப் போய் வாலைக் குழைத்துக்கொண்டு முழங்காலை நக்கியது. திருமலைசாமிக்கு அதுவாவது கிடைத்ததே என்று இருந்திருக்க வேண்டும். குனிந்து அதன் தலையைத் தடவினார்.

தெய்வாத்தாளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “ஏ மொச்சை! மானங்கெட்ட நாயே, இக்கட்டாலே வா!” என்று போட்ட சத்தத்தில் நாயும் கணக்குப்பிள்ளையும் ஒன்றாகத் திடுக்கிட்டார்கள். நாய் உள்ளே ஓடியது. அவர் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அந்த வாரமே அவள் எதிர்ச்சாரியில் இருந்த வேறொரு மண்டிக்கு வேலைக்குப் போனாள். அங்கேயும் அதே விரலி, அதே குண்டு, அதே தூசு. முதல் நாள் களத்தில் உட்காரும் முன்பே அங்கிருந்த கணக்குப்பிள்ளையிடம் போய் நின்று, “ஏனுங்க, என்றூட்டுல ஒரு நாய் இருக்குதுங்க, அது வெள்ளை நாயிங்க, நல்லாப் பாத்து வெச்சுக்குங்க” என்றாள். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற பெண்ணாக இருக்கிறாளே என்று நினைத்து, உட்காரச் சொல்லி முறத்தைக் கொடுத்தார்.